நாற்பத்தொன்றாவது அட்டை

"கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டார் வீரையா.

"ரெண்டாவது லாச்சியில. இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு," என்றாள் விக்னேஸ்வரி. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. இருவரும் பசியாறி முடித்திருந்தார்கள். இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு சீரியல் பெட்டியைக் குலுக்கும் சத்தம்.

"என்னாங்க, அதுல இன்னும் கால்வாசி இருக்கு."

"இருக்கட்டும்லா. எனக்கு அட்டைதான் வேணும்."

மீதியிருந்ததை மைலோ டின்னில் கொட்டிவிட்டு, பெட்டியைப் பிரித்து, படம் இல்லாத சாம்பல் நிறப் பக்கம் மேலே வரும்படி மேசையில் விரித்தார். அடிக்கோல் வைத்து ஒரே ஒரு துண்டு வெட்டினார். அதில் ஏதோ எழுதினார். எழுதும்போது நாக்கின் நுனியை ஓரமாகக் கடித்துக்கொள்வார். அறுபத்தெட்டு வயதிலும் அது போகவில்லை. பேனா பாதியில் மங்கியது. உதறி உதறி எழுதி முடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"வியாழக்கிழமை உனக்கு ஏதும் வேலை இருக்கா?"

"எனக்கென்ன வேலை? ஒங்க ஆளுங்களுக்குக் கறிபாப் சுடுறதுதான் வேலை. அதுக்கும் டப்பா வேணுமே. டப்பா எங்க?"

"வந்துரும், வந்துரும்." சிரித்தார். "சரி, பேனா வாங்கிட்டு வந்து பேசிக்கலாம்."

வந்து பேசவில்லை. கிளென் ஈடன் ரயில் நிலையத்து மேடையில் பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பெண் அவர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். ரயில் வந்து, கதவு திறந்து, கதவு மூடி, ரயில் போனபிறகும் அவர் எழுந்திருக்காததைப் பார்த்துத்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்திருக்கிறாள். இதயம் என்றார் டாக்டர். அதிக நேரம் பிடித்திருக்காது என்றும் சொன்னார், அது ஓர் ஆறுதல் போல.

அன்று மாலை மகள் அபர்ணா யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தபோது, விக்னேஸ்வரி வேறொன்றும் செய்யத் தெரியாமல் மேசையைத் துடைத்தாள். மிளகுத்தூள் பாட்டிலுக்கு அடியில் அந்த அட்டை இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி.

ஹி டேக்ஸ் மீ ஃபார் கிராண்டட்.

கீழே வலது மூலையில், தமிழில், சின்ன எழுத்தில்: வீடு. திங்கள்.

அந்த வாக்கியம் அவளுடையது.

*

அந்த அட்டைகள் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வீரையாவும் விக்னேஸ்வரியும் மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தவர்கள். வீரையா பத்தொன்பது ஆண்டுகள் விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்ற மறுமாதமே, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் சமூகக்கூடத்தில் வியாழக்கிழமை தோறும் ஆங்கிலம் பேசப் பழக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். சம்பளம் கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் சீனர்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளால் வரவழைக்கப்பட்ட தாத்தாக்களும் பாட்டிகளும். கடைசியில் நிலைத்தவர்கள் ஆறு பேர். ஊரில் பஸ் ஓட்டியவர், கணக்கு டீச்சர், நெசவாலையில் வேலை பார்த்தவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒருவர் 'டேக்' என்றால் என்ன என்று கேட்டார். தைப்பிங்கில் பழகிய சீனத்தில் 'எடு' என்பதற்கான சொல்லைச் சொல்லி வீரையா முடித்துவிட்டார். அடுத்த வாரம் அதே ஆள் வந்து, பேரனின் பள்ளியில் யாரோ தன்னை 'டேக் எ சீட்' என்றார்கள், நாற்காலியை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன் என்றார். வீரையா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "ஒரு மாசத்துல இந்தச் சொல்ல முடிச்சிடணும்," என்றார். முடியவில்லை.

வகுப்பின் விதி கடுமையானது. அகராதி கூடாது. போனில் மொழிபெயர்ப்பைத் தட்டக் கூடாது. அட்டையில் எழுதிவருவது 'டேக்' வரும் வாக்கியமாக, சொந்தக் காதால், ஆக்லாந்தில், அந்த வாரத்தில் கேட்டதாக இருக்க வேண்டும். எங்கே கேட்டது, எந்தக் கிழமை என்பதை மூலையில் எழுத வேண்டும். கொண்டுவந்தவர் அதன் பொருளை வாயால் விளக்கக் கூடாது. ஏதாவது ஒரு சாமானைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அல்லது நடித்துக் காட்ட வேண்டும். ஆறு பேரும் ஒப்புக்கொண்ட பிறகே அட்டையின் பின்பக்கத்தில் சீனச் சொல் எழுதப்படும்.

இதெல்லாம் விக்னேஸ்வரிக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவள் ஆறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அந்தக் கூடத்துக்குப் போனதில்லை. அவள் பங்கு கறிபாப். புதன் இரவே உருளைக்கிழங்கு மசாலாவைக் கிண்டி வைத்து, வியாழன் காலை மாவு பிசைந்து, ஓரங்களை மடித்து மடித்துப் பின்னி, பதினைந்து சுட்டு நீல மூடி போட்ட டப்பாவில் அடுக்கிக் கொடுப்பாள். மாலையில் டப்பா திரும்பி வரும். நன்றாக இருந்தது என்று ஒரு சொல் வந்ததில்லை.

இறப்பதற்கு முந்தைய வியாழன் டப்பாவும் வரவில்லை. "கூடத்துலயே வச்சிட்டேன் போல," என்றார் வீரையா, வானிலையைப் பற்றிச் சொல்வது போல.

திங்கட்கிழமை அபர்ணா போன் செய்தபோது விக்னேஸ்வரி துணி துவைக்கும் அறையில் இருந்தாள். மகளிடம் பேசும்போது பாதி ஆங்கிலம் தானாக வந்துவிடும்.

"ஒங்கப்பா இருக்காரே, ஹி டேக்ஸ் மீ ஃபார் கிராண்டட். ஆறு வருஷமாச் சுட்டுக் கொடுக்கிறேன். தின்னவங்க யாருன்னு எனக்குத் தெரியாது, சுட்டவ யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. இப்ப டப்பாவையும் தொலைச்சிட்டு வந்து நிக்கிறாரு."

"அம்மா, அதை அப்பாகிட்டயே சொல்லுங்க," என்றாள் அபர்ணா.

"சொன்னா மட்டும்?"

சன்னல் திறந்திருந்தது. சன்னலுக்குக் கீழே தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் வீரையா.

*

அட்டையை யாரிடமும் காட்டவில்லை. கடவுச்சீட்டுகள் இருக்கும் உறைக்குள் செருகி வைத்தாள். காரியங்கள் நடந்தன, பதினாறாம் நாள் முடிந்தது, மலேசியாவிலிருந்து வந்த கொழுந்தனார் குடும்பம் திரும்பிப் போனது. வீட்டில் பிரிட்ஜின் சத்தம் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வரியை எழுதும்போது அவர் மனத்தில் என்ன இருந்தது? மனம் நொந்து எழுதினாரா? ஊராருக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, என் பெண்டாட்டி இப்படிச் சொல்கிறாள் பாருங்கள் என்று காட்டவா? அல்லது எப்போதும் போல, ஒரு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில், யார் சொன்னது எதற்குச் சொன்னது என்று ஒன்றும் யோசிக்காமல் எழுதினாரா? இந்த மூன்றில் எது மோசம் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை.

ஒரு நாள் அபர்ணா சொன்னாள்: "அம்மா, அந்த ஷூ பாக்ஸ்ல அப்பாவோட கார்ட்ஸ் இருக்கே. ஹால்ல கொடுத்துடலாமா? அவங்களுக்கு யூஸ் ஆகும்."

"கொடுக்கலாம். ஒரு தடவை பார்த்துட்டு."

பார்க்கத்தான் எடுத்தாள். மேசையில் உட்கார்ந்து முதல் அட்டையைத் திருப்பினாள். கூடத்தின் சமையல் மூலையில் இருக்கும் பாய்லரைப் பற்றிய வாக்கியம். அது கொதிக்கப் பதினோரு நிமிடம் ஆகும் என்று கூடத்தைப் பராமரிக்கும் ஆள் சொன்னது. பின்பக்கம் ஒரு சீன எழுத்து. அதற்குக் கீழே வீரையாவின் தமிழ்க் குறிப்பு: 'இவர்கள் மொழியில் பாய்லருக்குப் பதினோரு நிமிடம் வேண்டும். பிள்ளை மிட்டாய் வேண்டும் என்பதற்கும் இதே சொல். நம் மொழியில் பதினோரு நிமிடம் பிடிக்கும். யாருக்குப் பிடிக்கும்?'

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த அட்டையை எடுத்தாள்.

மாத்திரை. 'வெள்ளைக்காரன் எடுக்கிறான், இவர்கள் சாப்பிடுகிறார்கள், நாம் போடுகிறோம். மாத்திரைக்கு மூன்றும் ஒன்றே.' டாக்சி. 'இவர்கள் டாக்சியை அடிக்கிறார்கள். பஸ்ஸில் மட்டும் உட்கார்கிறார்கள். பான் அவர்கள் பஸ் ஓட்டுநர் என்பதால் அவரைக் கேட்டேன். அடித்தால் பஸ் நிற்காது என்றார்.' போட்டோ. 'தட்டுகிறார்கள். தோளில் தட்டுவதற்கும் இதே சொல்.' குளியல். 'கழுவுகிறார்கள்.' காப்பிக்குச் சர்க்கரை. 'போடுகிறார்கள். இதில் நாமும் அவர்களும் ஒன்று, வெள்ளைக்காரன் தனி.'

கிளினிக் அட்டையில் குறிப்பு நீளமாக இருந்தது. நர்ஸ் பானிடம் உங்கள் டெம்பரேச்சரை எடுக்கிறேன் என்றிருக்கிறாள். அவர் மரியாதையாக, எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது தேவைப்படாது என்று பதில் சொல்லியிருக்கிறார். 'அளக்கிறார்கள்' என்று எழுதி, கீழே: 'நாம் காய்ச்சல் பார்க்கிறோம். கண்ணால் பார்ப்பது போல. விக்னா கையை வைத்தே பார்த்துவிடுவாள்.'

அந்த இடத்தில் அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தாள்.

அடுத்த சில நாட்கள் அவள் வேலை அதுவாகவே ஆயிற்று. பாத்திரம் கழுவும்போது ஒரு சொல்லை எடுத்து மூன்று மொழியிலும் போட்டுப் பார்ப்பாள். பரீட்சையை வெள்ளைக்காரன் எடுக்கிறான், நாம் எழுதுகிறோம்; வாய்மொழிப் பரீட்சையை எப்படி எழுதுவது? குடை எடுத்துக்கொண்டு போ என்கிறோமே, அதில் எடுப்பதா முக்கியம், கொண்டுபோவதா? பேரன் தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் இந்தச் சொல்தான். யார் யாரிடமிருந்து எதை எடுத்தது? கடையில் ஒரு பெண், நீங்கள்தான் இவனுடைய தாத்தா என்று நினைக்கிறேன் என்பதற்கும் இந்தச் சொல்லையே பயன்படுத்தியிருக்கிறாள், முப்பத்தெட்டாவது அட்டை. அதிக நேரம் பிடித்திருக்காது என்று டாக்டர் சொன்னதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். ஒரே சொல்லுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல், அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி.

நாற்பது அட்டைகள். ஆர்வம் நாற்பதாவது வரை ஓடும். பிறகு கடவுச்சீட்டு உறை இருக்கும் அலமாரிப் பக்கம் கண் போகும், ஆர்வம் நின்றுவிடும். அந்த நாற்பத்தொன்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மட்டும் அவளுக்கு அகப்படவில்லை. இளக்காரம் என்றால் அதிகம். கண்டுகொள்ளாமல் இருப்பது என்றால் போதவில்லை. சுவர் இருப்பது போல, தண்ணீர்க் குழாய் இருப்பது போல, இருக்கும் என்ற நிச்சயத்தில் மறந்துபோவது. அதற்கு ஒரு சொல் இருந்திருந்தால் அவள் அன்று தமிழிலேயே சொல்லியிருப்பாள், நேராக அவரிடமே.

*

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் ஆறு பேர் நின்றார்கள். மணி அடிக்கவில்லை, தங்களுக்குள் ஏதோ தாழ்ந்த குரலில் விவாதித்துக்கொண்டு நின்றார்கள். விக்னேஸ்வரி சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஒருவர் கையில் நீல மூடி டப்பா.

கதவைத் திறந்தாள். முன்னால் நின்ற குட்டையான அம்மாள் தலை தாழ்த்தினார். வெள்ளை முடியைக் காதோடு வெட்டியிருந்தார்.

"ஷிமூ," என்றார்.

"இல்லைங்க. நான் விக்னேஸ்வரி."

"தெரியும். நான் ஷூ. கணக்கு டீச்சர்." ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசினார், தாம்பாளத்தில் பழம் அடுக்குவது போல. "ஆசிரியருக்கு மனைவி இருந்தால், எங்களுக்கு அவர் ஷிமூ. குருவுக்குச் சமம், தாய்க்கும் சமம். ஆறு வருடமாக நீங்கள் ஷிமூ."

விக்னேஸ்வரி கதவை அகலத் திறந்து விலகி நின்றாள். "வாங்க, உட்காருங்க," என்றாள், தமிழில். அவர்கள் புரிந்துகொண்டு செருப்பைக் கழற்றினார்கள்.

அபர்ணா தேநீர் போட்டாள். ஷூ டப்பாவை இரண்டு கைகளாலும் நீட்டினார். வாங்கியபோது கனமாக இருந்தது. திறந்தாள். உள்ளே ஆவியில் வேகவைத்த ஏழு வெள்ளைச் சீனப் பாவ், பூரணம் வைக்காதவை, இன்னும் சூடு ஆறாதவை.

"எதுக்கு இதெல்லாம்?"

"வாசலில் அதற்குத்தான் சண்டை," என்றார் உயரமான ஒருவர். அவர் குரல் தெருவுக்கே கேட்கும் போலிருந்தது. "நான் பான். நான் கமலாப்பழம் என்றேன். துக்க வீட்டுக்கு நிறம் கூடாது என்றார் இவர். பேரீச்சை சிவப்பு, அதுவும் கூடாது. கடைசியில் வெள்ளை."

"எதுவும் வேண்டியதில்லை. டப்பா மட்டும் போதுமே."

ஷூவின் முகம் மாறியது. "வெறும் டப்பா திருப்பித் தருவதா? ஒருபோதும் இல்லை."

"எங்கள்லயும் அப்படித்தான்," என்றாள் விக்னேஸ்வரி. "பாத்திரத்த வெறுமனே திருப்பித் தரமாட்டோம். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவோம்."

"ஆமாம், எங்கள் டீச்சர் வீரையாவும் சொன்னார். அதனால்தான் ஒவ்வொரு வியாழனும்."

"ஒவ்வொரு வியாழனும் என்ன?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷூ விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினார், கணக்கு டீச்சர் அல்லவா. குளிர்காலத்தில் கமலாப்பழம். தோலோடு வேகவைத்த வேர்க்கடலை. காயவைத்த பெர்சிமன் பழம். பானின் மருமகள் புக்கெகோஹியில் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள், அவள் கொண்டுவந்த வெங்காயத்தாள். பிறகு குச்சாய், குச்சாய், நிறையக் குச்சாய். அது ஷூவின் வீட்டுப் பின்புறத்தில் வளர்வது.

விக்னேஸ்வரி சமையலறைப் பிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். குச்சாய். பூண்டு வாசம் அடிக்கும் அந்தக் கீரையைக் கட்டுக் கட்டாகப் பிரிட்ஜில் பார்த்துவிட்டு அவள் எத்தனை முறை சத்தம் போட்டிருக்கிறாள். யாருங்க இவ்வளவு குச்சாய் வாங்கச் சொன்னது, ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல? அவர் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. சீரியலைக் கொட்டிவைப்பது போல டப்பாவிலிருந்து எடுத்துப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, டப்பாவைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, கிரிக்கெட் பார்க்கப் போயிருப்பார். கடையில் வாங்கி வந்தார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

"அவரு எங்கிட்ட எதுவும் சொன்னதில்லையே," என்றாள்.

"சொன்னாரே," என்றார் பான். "எங்களிடம். ஒவ்வொரு முறையும் கேட்போம், ஷிமூவுக்குப் பிடித்ததா? ஷிமூ ரொம்பச் சந்தோஷப்பட்டார், நன்றி சொல்லச் சொன்னார் என்பார். குச்சாய்க்கு இரண்டு நன்றி."

அபர்ணா வாயைப் பொத்திக்கொண்டாள். விக்னேஸ்வரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் எங்கோ நடுவழியில் தடுக்கி, சிரிப்பாக வெளியே வந்தது. இருபத்தைந்து நாளாக வராத சிரிப்பு. வந்ததும் நிறுத்தத் தெரியவில்லை. விருந்தாளிகள் கொஞ்சம் பயந்து, பிறகு தாங்களும் மெல்லச் சிரித்தார்கள்.

"குச்சாயை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் ஷூ. ஆறு வருடமாகக் காத்திருந்த கேள்வி அது என்பது தெரிந்தது.

"வடையில போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"வடை," என்று ஷூ மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அபர்ணா அட்டைகள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளை எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

"நாற்பது," என்றார். "நாற்பத்தொன்று எங்கே?"

விக்னேஸ்வரி அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

"டீச்சர் திங்கட்கிழமை இரவு எங்கள் குழுவில் எழுதினார். ஒரு அட்டை கொண்டுவருவேன் என்று." பான் போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடி, அவளிடம் நீட்டினார்.

ஆங்கிலத்தில் இருந்தது. வீரையா எதையும் சுருக்கி எழுதத் தெரியாதவர். போனிலும் முற்றுப்புள்ளி வைத்துத்தான் எழுதுவார்.

வியாழக்கிழமை ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். இந்த வாரம் வாக்கியம் என்னுடையது. என் வீட்டில் கேட்டேன். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார், தவறு என் மேல். காட்டுவதற்குச் சாமான் இல்லை, ஆளையே அழைத்து வருகிறேன். கறிபாப்பின் ஓரத்தை எப்படிப் பின்னுவது என்பதையும் அவர் காட்டுவார். இன்னும் அவரிடம் கேட்கவில்லை. நாளைக் காலை கேட்பேன். மாட்டேன் என்று சொன்னாலும் சொல்வார்.

அவள் இரண்டு முறை படித்தாள். வியாழக்கிழமை உனக்கு ஏதும் வேலை இருக்கா? தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, அவர் கேட்கத்தான் கேட்டிருக்கிறார். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாள்.

"நாற்காலி போட்டோம்," என்றார் ஷூ. "அந்த வியாழன் எங்களுக்கு விஷயம் தெரியாது. போட்டுக் காத்திருந்தோம். அடுத்த வியாழனும் போட்டோம். விஷயம் தெரிந்தபிறகும்."

விக்னேஸ்வரி எழுந்து போய்க் கடவுச்சீட்டு உறையைக் கொண்டுவந்தாள். அட்டையை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். பேனா மங்கிய இடத்தில் அவர் உதறி எழுதிய எழுத்துகள் ஒன்று கறுப்பாகவும் ஒன்று சாம்பலாகவும் இருந்தன. ஆறு பேரும் குனிந்து படித்தார்கள். பான் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். பிறகு அட்டையைத் திருப்பினார். வெறுமையாக இருந்தது.

"இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். ஷூ கையை உயர்த்தித் தடுத்தார்.

"வாயால் விளக்கக் கூடாது. வியாழக்கிழமை, பத்தரை மணி. காட்ட வேண்டும்."

"அது அவரு கொண்டுவந்த அட்டை."

"வாக்கியம் யாருடையது?"

பெட்டியை ஷூ மூடி, எடுத்துக்கொள்ளாமல், அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

தேநீர் முடிந்தது. அவர்கள் எழுந்தார்கள். போய்வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அபர்ணா, "ஒரு பை-பை கூடச் சொல்லலையே," என்றாள்.

"துக்க வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதும்மா," என்றாள் விக்னேஸ்வரி. "நாமளும் சொல்லமாட்டோம்ல?" வாசலில் நின்று அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். பான் அங்கேயும் ஷூவோடு ஏதோ விவாதித்துக்கொண்டுதான் போனார்.

*

வியாழக்கிழமை அவள் மாவை வீட்டில் பிசைந்தாள், மடிக்கவில்லை. மாவு ஒரு பாத்திரம், மசாலா ஒரு பாத்திரம், நீல மூடி டப்பா காலியாக, அட்டைகள் இருக்கும் பெட்டி, கூடத்தில் இருக்காது என்று மின்சார எண்ணெய்ச்சட்டி. அபர்ணா காரில் இறக்கிவிட்டாள்.

"நான் இருக்கவாம்மா?"

"வேணாம். நீ வேலைக்குப் போ. டப்பா ஞாபகம் வச்சு நானே கொண்டாந்திருவேன்."

கூடம் அவள் நினைத்ததைவிடச் சின்னது. சுவரில் யாரோ பிள்ளைகள் வரைந்த டூயி பறவைகள். வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள்: எட்டு. ஆறு பேர், அவள், அது தவிர ஒன்று. எது கூடுதல் நாற்காலி, எது அவருடையது என்று கேட்கவில்லை. சன்னல் பக்கம் இருந்ததைக் காலியாக விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அட்டையை எல்லாருக்கும் காட்டினாள். விதிப்படி ஒன்றும் விளக்கவில்லை. மேசையில் மாவை உருட்டினாள், தட்டினாள், மசாலா வைத்தாள், மடித்தாள், கட்டை விரலால் ஓரத்தை மடித்து மடித்துப் பின்னினாள். ஒன்று. இரண்டு. மூன்று. யாரையும் பார்க்கவில்லை. பதினைந்தையும் முடித்தாள். டப்பாவில் அடுக்கினாள். மூடினாள். எழுந்து, வெறும் நாற்காலியின் மேல் டப்பாவை வைத்தாள். திரும்பி நடந்து வந்து, கையைக் கழுவி, முதலிலிருந்து அதே போல மறுபடியும் மாவை உருட்டத் தொடங்கினாள்.

முதலில் பேசியவர் நெசவாலையில் வேலை பார்த்த அம்மாள். அதுவரை விக்னேஸ்வரி அவர் குரலைக் கேட்டதில்லை. ஏதோ சொன்னார், சீனத்தில், நான்கு அசைகள். பான் மறுத்தார். அது புத்தகச் சொல், வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று ஷூ அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பான் வேறொன்று சொன்னார். நன்றி சொன்னால் பதிலுக்குச் சொல்வதாம், செய்ய வேண்டியதைத்தானே செய்தேன் என்று. அதற்கு மூன்று பேர் தலையாட்டினார்கள், மூன்று பேர் ஆட்டவில்லை. ஒருவர் தன் மனைவியின் பெயரைச் சொன்னார், ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவி.

"தமிழில் என்ன?" என்று கேட்டார் ஷூ.

"தேடிக்கிட்டிருக்கேன்," என்றாள் விக்னேஸ்வரி.

ஆறு பேரும் ஒப்புக்கொள்ளாததால் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அட்டையைப் பெட்டியில் கடைசியாக வைத்தார் பான். எண்ணெய் காயத் தொடங்கியிருந்தது. யாராவது தேநீருக்குத் தண்ணீர் போட வேண்டும். விக்னேஸ்வரி சமையல் மூலைக்குப் போய்ச் சுவரில் இருந்த பாய்லரின் சுவிட்சைத் தட்டிவிட்டு, மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு அணைந்தபோது பதினொன்று முப்பத்தொன்று.